திதி தெரியாத கடிகாரம்

நாள்தோறும், மாதந்தோறும் திரும்பத் திரும்ப வரும் அலுவலக வேலைகளை ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைத்து, அது எந்த நாளில் எத்தனை மணிக்கு வேலைக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வழக்கம் இப்போது சிறு வணிகர்களையும் எட்டியிருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரிக்குக் கையும் காலும் பூட்டினால் கிடைப்பதுதான் ஏஜென்ட். மொழி மாதிரி கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும். ஏஜென்ட் மின்னஞ்சலைத் திறந்து படிக்கும், கணக்கில் பதிவு போடும், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும், அதன் பலனைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்றும் தானே தீர்மானிக்கும். நேரம் குறித்துவிட்டால் யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

சாட்ஜிபிடியில் இப்படி நேரம் குறித்து வேலை சொல்லும் வசதியை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2025 ஜனவரியில் சேர்த்தது. அதே ஆண்டு ஜூனில் கூகுளின் ஜெமினிக்கும் அது வந்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ, ஏஜென்ட்களை உருவாக்கிக்கொள்ள ஜியா ஏஜென்ட் ஸ்டூடியோ என்ற கருவியை 2025-இல் அறிவித்தது. ஆகவே கருவிக்குப் பஞ்சமில்லை. எந்த வேலையை, எந்தக் காலண்டரின்படி, யார் பொறுப்பில் ஒப்படைப்பது என்பதில்தான் சிக்கல். அந்தச் சிக்கல் பளிச்சென்று தெரியும் ஊர்களில் ஒன்று திருவண்ணாமலை.

காரணம், அந்த ஊரின் வியாபாரம் இரண்டு காலண்டர்களில் ஓடுகிறது. கிரிவலப் பாதையோரம் இருபது அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத் தேதிப்படி அதற்கு வரும் கெடுக்கள் பல. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவராக இருந்தால் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி. ஊழியர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தால் 15-ஆம் தேதி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்கட்டணம். ஆனால் அறை நிரம்புவதும், கூடுதல் ஆள் வைப்பதும், பால்காரரிடமும் லாண்டரிக்காரரிடமும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதும் பௌர்ணமிக் கணக்கு. 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி நடக்கும் அந்த ஓர் இரவை வைத்துத்தான் மாதத்தின் மற்ற நாட்கள் அமைகின்றன.

கம்ப்யூட்டருக்கு இதில் ஒரு காலண்டர்தான் தெரியும். இன்றைக்கும் பெரும்பாலான ஏஜென்ட்களை எழுப்பிவிடுவது 1970களின் யுனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து வழிவழியாக வரும் 'கிரான்' என்ற சிறு நிரல் அல்லது அதன் வாரிசு. காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். கிரானுக்கு உத்தரவு கொடுக்க ஒற்றை வரியில் ஐந்து கட்டங்கள் போதும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டால் 'எதுவானாலும் சரி' என்று பொருள். '0 6 * * *' என்று எழுதினால் தினமும் காலை 6 மணி.

காலை 6 மணிதான், ஆனால் எந்த ஊர்க் காலை என்று கேட்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. நேர மண்டலத்தைச் சொல்லாமல் மேற்படி வரியை எழுதிவிட்டால் ஏஜென்ட் இங்கே பகல் 11.30-க்கு எழுந்திருக்கும், அதற்குள் பாதி விருந்தினர் அறையைக் காலி செய்திருப்பார்கள். நம் ஊர் 6 மணிக்கு எழ வேண்டுமானால் '30 0 * * *' என்று எழுத வேண்டும். நள்ளிரவு தாண்டிய நேரங்களில் குழப்பம் இன்னும் கூடும். கார்த்திகை தீபத்தன்று பரணி தீபம் ஏற்றப்படும் அதிகாலை 4 மணி, யுடிசி கணக்கில் முந்தின நாள் இரவு 10.30. நேரம் மட்டுமல்லாமல் தேதியே மாறிவிடுகிறது. கிரானில் தேதி, கிழமை இரண்டையும் சேர்த்து எழுதினாலும் ஏமாற்றம்தான். 'ஒன்றாம் தேதி திங்கட்கிழமையாக இருந்தால் மட்டும்' என்று நினைத்து எழுதுகிற வரியை அது 'ஒவ்வொரு ஒன்றாம் தேதியும், ஒவ்வொரு திங்கட்கிழமையும்' என்று படிக்கும்.

பௌர்ணமிக்கு இந்த ஐந்து கட்டங்களில் இடமே இல்லை. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அதுவும் சராசரிதான், ஒரு திதி ஏறக்குறைய 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரம் வரையும் நீளலாம். 2025-இல் சித்ரா பௌர்ணமி மே 11 இரவு தொடங்கி மே 12 இரவு வரை இருந்தது. எந்த இரவில் அறைக்குக் கிராக்கி என்பதைத் தேதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தொடங்கும் நேரத்தில் வேறுபடுவதும் உண்டு. அதனால்தான் கிரிவலத்துக்கு உகந்த நேரத்தைக் கோயில் நிர்வாகம் மாதாமாதம் அறிவிக்கிறது. ஊரும் அந்த அறிவிப்பைத்தான் நம்புகிறது.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பௌர்ணமியைக் கடிகாரத்துக்குக் கற்றுக்கொடுக்க முயலாமல், ஏஜென்ட்டைத் தினமும் காலையில் எழுப்பிவிடுவது. அது எழுந்ததும் கோயில் அறிவிப்பை வைத்து நிரப்பிய பட்டியலைப் பார்த்து, 'பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள்தானா?' என்று ஒரே கேள்வி கேட்டுக்கொள்வது. ஆம் என்றால் வேலை, இல்லையென்றால் தூக்கம். அந்தப் பட்டியலை மனிதர் ஒருவர் நிரப்புவது நல்லது. 'அடுத்த பௌர்ணமி எப்போது?' என்று மொழி மாதிரியிடம் வெறுமனே கேட்டால், தெரியாத தேதியையும் தெரிந்தது போலச் சொல்லிவிடும் சுபாவம் அதற்கு உண்டு.

அடுத்த கேள்வி, எந்த வேலைக்கு ஏஜென்ட் தேவை என்பது. விற்பவர்கள் சொல்வதைவிட இந்தப் பட்டியல் சிறியது. மாத வாடகை பில்லைத் தேதி தவறாமல் அனுப்பக் கணக்கு மென்பொருள்களில் பல ஆண்டுகளாகவே வசதி இருக்கிறது; அதற்கு அறிவு வேண்டியதில்லை, கடிகாரம் போதும். படித்துப் புரிந்துகொண்டு பதில் செய்ய வேண்டிய இடத்தில்தான் ஏஜென்ட் தன் சம்பளத்துக்கு உழைக்கிறது.

காலை 6 மணிக்கு நடப்பதைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இரவில் ஐந்து செய்திகள் வந்து கிடக்கின்றன. சேலத்துக் குடும்பம் ஒன்று 'பாட்டிக்கு முட்டி வலி, கீழ்த்தளத்தில் ரூம் கிடைக்குமா' என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பியிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வருபவர் விமானம் தாமதம், இரவு ஒரு மணிக்கு மேல்தான் வந்து சேர்வேன் என்கிறார். ஒருவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார். ஒன்று விளம்பரம். ஐந்தாவது, லாண்டரிக்காரர் அனுப்பிய பில்லின் மங்கலான படம். பழைய நிரலுக்கு இவை ஐந்தும் வெறும் எழுத்துக் குவியல். ஏஜென்ட் ஒவ்வொன்றையும் படிக்கிறது. அறைப் பட்டியலில் கீழ்த்தளத்தில் காலி இருக்கிறதா என்று பார்த்துப் பாட்டிக்கான பதிலை எழுதி வைக்கிறது. ஜெர்மனிக்காரர் வரும் இரவில் ரிசப்ஷனில் ஆள் இருக்க வேண்டும் என்று மேனேஜருக்குக் குறிப்பு விடுகிறது. பில்லில் உள்ள போர்வை எண்ணிக்கையை முந்தின நாள் போட்டதோடு ஒப்பிட்டு, இரண்டு குறைகிறது என்கிறது. அட்வான்ஸ் விஷயத்தைத் தொடாமல் உரிமையாளருக்குத் தள்ளிவிடுகிறது. தள்ளிவிட வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு விருந்தினர் என்றால் இன்னொரு வேலையும் சேரும். அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்குத் தகவல் பதிய வேண்டும். லாட்ஜ்காரர்கள் வாயில் இது 'சி ஃபாரம்'. ரமணாசிரமத்தைச் சுற்றி ஆண்டு முழுவதும் வெளிநாட்டினர் தங்கும் ஊரில் இது அன்றாட வேலை. ஏஜென்ட் பாஸ்போர்ட் நகலைப் படித்துப் படிவத்தை நிரப்பித் தரலாம், கெடு நெருங்குவதை நினைவூட்டலாம். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் லாட்ஜ்காரர் என்பதால், அனுப்பும் பொத்தானை மனிதக் கைக்கு விட்டு வைப்பதே முறை. பாஸ்போர்ட்டும் ஆதாரும் தனிநபர் தகவல்கள். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பில் வருபவை. அவற்றை எந்த நிறுவனத்தின் சர்வருக்கு ஏஜென்ட் கொண்டுபோகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் வேலையைப் பிறரிடம் நிரந்தரமாக ஒப்படைப்பது தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் பழகிய விஷயம். அணையாமல் எரிய வேண்டிய நந்தா விளக்குக்குச் சோழர் காலத்தில் நிவந்தம் விட்டதைக் கல்வெட்டுகள் விரிவாகச் சொல்கின்றன. அண்ணாமலையார் கோயில் சுவர்களிலும் விளக்குக்கு விட்ட நிவந்தங்கள் பதிவாகியுள்ளன. முறை தெளிவாக விளங்குவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில். ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். அளப்பது அவரவர் வீட்டு உழக்கால் அல்ல, ஆடவல்லான் என்று பெயரிட்ட கோயில் அளவையால். இந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிழடு தட்டுவதும் சாவதும் இருக்கத்தான் செய்யும். குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று காலம் குறித்தார்கள். சில இடங்களில் அந்த இடையருக்குப் புணைப்பட்டவர்களின், அதாவது ஜாமீன் நின்றவர்களின், பெயரும் உண்டு. கடைசியில் 'பன்மாகேசுவரர் ரட்சை' என்று சொல்லிக் கண்காணிப்பை அடியார் கூட்டத்திடம் விட்டார்கள்.

இன்றைய ஏஜென்ட் ஏற்பாடுகள் பலவற்றில் இந்த அளவு தெளிவு இல்லை. என்ன வேலை, எவ்வளவு, எந்த அளவையால் சரிபார்ப்பது, தவறினால் யார் புணை, யார் பார்வையில் என்ற ஐந்தும் அந்தக் கல்லில் இருக்கின்றன. ஏஜென்ட்டுக்கு எழுதும் உத்தரவில் பெரும்பாலும் முதலாவது மட்டும் இருக்கும்: 'தினமும் விருந்தினர் செய்திகளுக்குப் பதில் அனுப்பு.' எத்தனை செய்தி வந்தது, எத்தனைக்குப் பதில் போனது, எது யாரிடம் தள்ளப்பட்டது என்று நாள்தோறும் ஒரு பதிவு எழுதச் சொல்லாவிட்டால், விளக்கு அணைந்தது விருந்தினர் சண்டைக்கு வந்த பிறகுதான் தெரியும். புணை விஷயத்தில் நீதிமன்றங்களின் போக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. துக்கப் பயணக் கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான தகவல் தந்தது. அந்த வழக்கில் 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் நிறுவனமே பொறுப்பு என்றது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதம் எடுபடவில்லை.

உலகம் மாறும்போது உத்தரவு மாறாமல் இருப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், உள்ளீட்டு வரி வரவு இல்லாமல் 5 சதவீதம் ஆனது. 12 என்று எழுதிவைத்த நிரல் செப்டம்பர் 21 இரவும் 22 காலையும் ஒரே முகத்தோடு பில் போடும். 'நடப்பு விகிதத்தைப் பார்த்துப் போடு' என்று ஏஜென்ட்டிடம் சொல்லி வைத்தாலும், எங்கே பார்ப்பது என்று சொல்லாவிட்டால் பழைய செய்தி ஒன்றைப் படித்துவிட்டு 12 என்றே சாதிக்கும்.

திருவண்ணாமலைக்கு இந்தப் பாடம் வரிக்கு முன்பே வந்துவிட்டது. 2020-இல் கொரோனா காலத்தில் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை வந்து, மாதாமாதம் நீண்டுகொண்டே போனது. வானத்தில் பௌர்ணமி வந்தது, பாதையில் ஆள் இல்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 கார்த்திகை தீபம். அந்த ஆண்டு பொதுமக்கள் மலையேற அனுமதி இல்லை. முந்தைய ஆண்டின் வாழ்த்துச் செய்தியை எடுத்து, 'மலையேறி மகாதீபம் காண வாருங்கள்' என்று ஐந்நூறு பேருக்கு அனுப்பும்படி ஓர் ஏஜென்ட்டுக்கு நாள் குறித்து வைத்திருந்தால், அது குறித்த நிமிடத்தில், எழுத்துப்பிழை இல்லாமல் அனுப்பியிருக்கும். ஆகவே ஒவ்வொரு நிரந்தர உத்தரவிலும் 'எப்போது செய்யக் கூடாது' என்ற வரி ஒன்று வேண்டும்: மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார், தடை, எச்சரிக்கை, விபத்து என்று எதுவும் இருந்தால் நிறுத்திவிட்டு உரிமையாளரைக் கேள்.

பணம் கைமாறும் இடத்தில் நிறுத்திக் கேட்கும் வழக்கத்தை இந்தியாவில் சட்டமே ஏற்படுத்தியிருக்கிறது. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பவர்கள், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரில் முழுமையாக அமலுக்கு வந்தது. பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசிப் படியிலும் ஓடிபி அல்லது டிஜிட்டல் கையொப்பம் உண்டு. ஏஜென்ட் பில்களைத் திரட்டி, விடுபட்டதைச் சுட்டி, ஆடிட்டருக்கு 9-ஆம் தேதியே அனுப்பி வைக்கலாம்; ஓடிபி வரும் போன் உரிமையாளரின் சட்டைப் பையில் இருப்பதே நல்லது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய் என்பது வலிக்கத்தான் செய்யும், ஆனால் தவறான கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதைவிட அது மலிவு.

ஒரே வேலை இருமுறை நடப்பதும், நடக்காமலே போவதும் அன்றாடக் கோளாறுகள். மின்வெட்டில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் 6 மணி வேலையைக் கிரான் தவறவிட்டுவிடும், பிறகு நினைத்துப் பார்க்காது. பாதி வேலையில் இணையம் அறுந்து ஏஜென்ட் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் பாதிப் பேருக்கு இரண்டு செய்தி போகும். கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் பெயரைக் கேட்டதும் நோட்டைப் பார்ப்பது போல, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 'இது ஏற்கெனவே போனதா' என்று பதிவேட்டைப் பார்க்கச் சொல்வதே இதற்கு மருந்து.

விஷமம் வேறு வகை. ஏஜென்ட்டுக்கு உரிமையாளர் சொன்ன உத்தரவும் எழுத்து, விருந்தினர் அனுப்பிய மின்னஞ்சலும் எழுத்து. 'முந்தைய உத்தரவுகளை விட்டுவிட்டு, இம்மாத விருந்தினர் பட்டியலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று ஒருவர் எழுதினால் அதையும் உத்தரவாக எடுத்துக்கொண்டு கீழ்ப்படியும் ஆபத்து உண்டு. இதை முழுமையாகத் தடுக்கும் வழி இன்னும் கைக்கு வரவில்லை. வெளியாள் எழுத்தைப் படிக்கும் ஏஜென்ட்டின் கையில் பணச்சாவியும் முழுப் பட்டியலும் கொடுக்காமல் இருப்பதே நடைமுறைக் காப்பு. சொன்ன சொல்லை மட்டும் நம்பி விடுவதும் கூடாது. 2025 ஜூலையில், நிரல் எழுதித் தரும் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்த நிலையிலும் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அழிக்கும் அதிகாரம் அதன் கைக்கு எட்டியிருந்ததுதான் அடிப்படைத் தவறு.

செலவைப் பொறுத்தவரை, மொழி மாதிரிகள் எழுத்தை 'டோக்கன்' எனப்படும் துண்டுகளாக நறுக்கி, துண்டுக்கு இவ்வளவு என்று விலை வைக்கின்றன. தமிழ் அதில் நெடுங்காலம் நஷ்டப்பட்டது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டுகளான ஒரு தமிழ் வாசகம் 35 துண்டுகளில் அடங்கியது. அப்படியும் ஆங்கிலம்தான் மலிவு. தினம் நாற்பது ஐம்பது செய்திகள் வரும் லாட்ஜுக்கு இது பெரிய தொகையாகாது. ஏஜென்ட் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து இரவு முழுவதும் டோக்கன் எரித்தால்தான் பெருந்தொகையாகும். மாதச் செலவுக்கு உச்சவரம்பு போட்டு வைப்பது அதற்காகத்தான்.

தொடங்குபவர்கள் முதல் மாதம் ஏஜென்ட்டை எதையும் அனுப்பவிடாமல், எழுதி மட்டும் வைக்கச் சொல்வது வழக்கம். ஒரு பௌர்ணமி முழுவதும் அது எழுதியதையும் மேனேஜர் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதை நம்பி விடலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது தெரிந்துவிடும். சலவைக் கணக்கும் நினைவூட்டல்களும் முதலில் ஏஜென்ட் கைக்குப் போகும். அட்வான்ஸைத் திருப்பித் தருவது கடைசி வரை மனிதரிடமே இருக்கும்.

தீபத்தன்று மட்டும் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஏற்றும் நேரத்தில், ஊரில் கூடியிருக்கும் அத்தனை போன்களும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்குகின்றன. சிக்னல் இருந்தால் அதிர்ஷ்டம். சர்வர் எங்கோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், லாட்ஜுக்குத்தான் அது எட்டாது. அதனால் ஏஜென்ட்டுக்குக் குறிக்க வேண்டிய வேலைகளில் ஒன்று, தீபத்துக்கு முந்தின இரவு 9 மணிக்கு அறை எண், பெயர், வரும் நேரம், கட்டிய அட்வான்ஸ், மிச்சம் எல்லாவற்றையும் இரண்டு தாளில் அச்செடுத்து ரிசப்ஷன் மேஜையில் வைக்கச் செய்வது.